பகலில் விதைத்த அச்சம்: பட்டுக்கோட்டையார் பாடலொன்றில் குழந்தையும் பேயும்



இருட்டைக் கண்டு அஞ்சாத குழந்தைப் பருவம் நம்முள் மிகச் சிலருக்கே வாய்த்திருக்கும். விளக்கு அணைந்த அறையில், கட்டிலின் கீழே ஏதோ ஒன்று காத்திருப்பதாக எண்ணிப் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்ட இரவுகள் பலருக்கும் நினைவிருக்கும். வளர்ந்தபின் அவற்றை நாம் சிரித்தபடி நினைவுகூர்கிறோம். ஆனால் அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று நின்று கேட்பதில்லை. இருளிலிருந்து வந்ததா, அல்லது யாரோ சொன்ன சொல்லிலிருந்து வந்ததா?

இக்கேள்வியைக் கேட்ட ஒரு திரைப்பாடல் தமிழில் உண்டு. பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் இயற்றிய ‘சின்னப்பயலே’ என்னும் பாடலே அது. வானொலி வழியாகவும் மேடைகள் வழியாகவும் தமிழர் வாழும் நாடெங்கும் பரவிய பாடல் அது. அதனை இன்று ஓர் இலக்கியப் பனுவலாக எடுத்துக்கொண்டு, குழந்தையின் அச்சத்தைப் பற்றி அது சொல்வதை ஆராய்வோம்.

பாவலரும் பாடலும்

கலியாணசுந்தரம் 1930ஆம் ஆண்டில் பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காடு என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் நெடுநாள் பயிலும் வாய்ப்பைப் பெறாதவர். பாவேந்தர் பாரதிதாசனிடம் மாணவராக இருந்தவர். உழவர் இயக்கத்திலும் பொதுவுடைமை இயக்கத்திலும் ஈடுபட்டவர். 1959ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், 29ஆம் அகவையிலேயே மறைந்தார். ‘சின்னப்பயலே’ பாடல் இடம்பெற்ற ‘அரசிளங்குமரி’ திரைப்படம் வெளிவந்ததோ 1961ஆம் ஆண்டில். ஜி. இராமநாதன் இசையமைக்க, டி. எம். சௌந்தரராஜன் பாட, திரையில் எம். ஜி. ஆர். ஒரு சிறுவனுக்கு அறிவுரை கூறுவதாக அப்பாடல் அமைந்தது. பாடல் மக்களிடம் சென்று சேர்ந்தபோது பாவலர் உயிரோடு இல்லை.

பாடல் மூன்று பகுதிகளாக விரிகிறது. உடல் வளர்வதோடு அறிவும் வளர வேண்டும், தன்மான உணர்வும் உடன் வளர வேண்டும் என்பது முதற்பகுதி. மனிதனாக வாழ வேண்டும், உடைமையின் பெயரால் நிகழும் கொடுமைகள் நீங்கப் பாடுபட வேண்டும் என்பது இரண்டாம் பகுதி. வேப்பமரத்தின் உச்சியில் பேய் ஆடுவதாகச் சொல்லி அச்சுறுத்துவோரை நம்பாதே என்பது மூன்றாம் பகுதி.

இவ்வரிசை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. உலகத்தையே திருத்தச் சொன்ன பாவலர், அடுத்து வேப்பமரத்துப் பேய்க்கு ஏன் வருகிறார்? பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கிவிட்டதுபோல் தோன்றலாம். ஆனால் வாசலைத் தாண்ட அஞ்சுகிற பிள்ளை உலகத்திற்குத் தொண்டு செய்வது எங்ஙனம்? முதலிரு பகுதிகளில் கூறிய அனைத்தும் இந்த ஒரு தடையைக் கடந்தால்தான் கைகூடும். ஆகவே கடைசியில் நிற்பது மிகச் சிறிய செய்தி போலத் தோன்றினும், மற்றவற்றைத் தாங்கும் அடிப்படை அதுவே.

தொல்காப்பியர் எண்ணிய நான்கு

அச்சத்தைப் பற்றித் தமிழ் இலக்கணம் மிகத் தொன்மையான காலத்திலேயே எண்ணிப் பார்த்திருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அது நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்பது அந்நூலின் கருத்து: வருத்தும் தெய்வமும் பேயும் போன்ற அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை.

இந்த நான்கில் இருள் இல்லை என்பதைக் காண்க. இரவில் நாம் அஞ்சுவதும் இருளை அன்று. இருளுக்குள் இருக்கக்கூடும் என்று நாம் எண்ணும் ஒன்றையே. அணங்கும் விலங்கும் கள்வரும் மறைந்து நிற்க இருள் இடந்தருகிறது. அச்சத்தின் பொருள் அவர்களே.

இந்த நான்கனுள் பட்டுக்கோட்டையார் எதை எதிர்க்கிறார்? விலங்குக்கு அஞ்சாதே என்றோ கள்வருக்கு அஞ்சாதே என்றோ அவர் அந்தப் பகுதியில் கூறவில்லை. காணாத, கேள்வியால் மட்டுமே அறிந்த அணங்கை மட்டுமே எடுத்துக்கொள்கிறார். ஏனைய மூன்றையும் ஒரு பிள்ளை தன் கண்ணாலேயே கண்டு அறிய முடியும். பேயை மட்டும் யாரேனும் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இருளும் சொல்லும்

ஒளியிலிருந்து இருளுக்குள் நுழையும் கண், அவ்விருளுக்கு முழுமையாகப் பழக ஏறத்தாழ இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். அதுவரை பொருள்களின் விளிம்புகள் தெளிவாகத் தோன்றா. கண் தளர்ந்த வேளையில் செவி கூர்மையாகக் கேட்கத் தொடங்கும். ஓட்டின்மேல் விழும் இலையின் ஓசைகூடக் காலடி ஓசையாகத் தோன்றும். கற்பனை ஆற்றல் வேகமாக வளரும் மூன்று முதல் ஆறு வயது வரையிலான பருவத்தில் இருளச்சம் மிகுந்து காணப்படுவது இயல்பே. அது நோயும் அன்று, கோழைத்தனமும் அன்று.

ஆக, இருள் வெற்றிடத்தைத் தருகிறது. அவ்விடத்தை நிரப்பும் உருவத்தை மொழி தருகிறது. தமிழ்ச் சிற்றூர்களில் வளர்ந்த பிள்ளைக்குப் பேய் புளியமரத்தில் குடியிருந்தது. மலாய்க் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பொந்தியானாக் வாழைமரத்தடியில் நின்றது. இருவர் கண்ட இருளும் ஒன்றே. கேட்ட மொழி வேறாயிருந்ததால் பேயின் பெயரும் மரமும் வேறாயின.

நம் மண்ணிலேயே இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர், பொழுது புலருமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டச் சென்றனர். பிள்ளைகள் அஞ்சிய அதே இருள் பெற்றோருக்கு நாள்தோறும் வேலை செய்யும் இடமாக இருந்தது. பாம்புக்கும் விலங்குக்கும் அவர்கள் விழிப்பாக இருந்தனர். ஆனால் இருட்டைச் சொல்லி வீட்டில் இருந்துவிட அவர்களால் இயலவில்லை.

பாடலின் மொழி

இனி, பாடலின் மொழிநடையை நோக்குவோம். பேய்க்கதை எப்பொழுது சொல்லப்படுகிறது என்பதில் பாவலர் மிக நுட்பமாக இருக்கிறார். பிள்ளை விளையாடப் புறப்படும் வேளையில் அது சொல்லப்படுகிறது. விளையாடும் நேரம் இருள் சூழ்ந்த நேரம் அன்று. வெளிச்சம் இருக்கும்போதே சொல் விழுகிறது; இரவில்தான் அது முளைக்கிறது. இருளச்சம் பகலிலேயே விதைக்கப்படுகிறது என்னும் உண்மையை ஒரு பொழுதைக் குறிப்பதாலேயே அவர் உணர்த்திவிடுகிறார்.

அடுத்து, ‘வை’ என்னும் துணைவினை. நீரை நிரப்பி வை, பணத்தைச் சேர்த்து வை என்று கூறும்போது, பின்னர் விளையப்போகும் பயனை எண்ணி முன்கூட்டியே செய்துவிடும் பொருளை அது தருகிறது. பேய்க்கதையைச் ‘சொல்வது’ வேறு, ‘சொல்லி வைப்பது’ வேறு. முன்னது அந்த நேரத்தோடு முடியும். பின்னது பிள்ளையின் நெஞ்சில் இருப்பாகத் தங்கும். பாவலர் தேர்ந்தது பின்னதையே.

மூன்றாவது, எழுவாய். அச்சுறுத்துவோர் யார் என்பதை அவர் முதலில் கூறுவதில்லை. வினைமுற்றின் பலர்பால் விகுதி மட்டுமே நிற்கிறது. எழுவாய் தோன்றா எழுவாயாக மறைந்திருக்கிறது. வதந்தியின் இயல்பே இதுதான். ‘அங்கே பேய் இருக்கிறதாம்’ என்பார்கள். யார் கண்டது என்று கேட்டால் ஆள் இருக்காது. அதன்பின் அந்த மறைந்த எழுவாயைப் பாவலர் வெளியே இழுக்கிறார். வேலையின்றித் திரிவோர், சிந்தியாமல் பேசுவோர் என்று அவர்களை அடையாளம் காட்டுகிறார். பேய் இல்லை என்று அவர் வாதிடவில்லை. சொன்னவர் யார் என்று காட்டியதுமே அச்சொல்லின் வலிமை குன்றிவிடுகிறது.

நான்காவது, ஓசை. வேம்பு, விளையாட்டு, வீரம், வீணர், வீடு என வகர வருக்கச் சொற்கள் அப்பகுதி முழுதும் மோனையாக ஓடுகின்றன. பேய்க்குப் புளியமரமே வழக்கமான இருப்பிடமாயிருக்க, இங்கு வேம்பு வந்ததற்கு இம்மோனையும் ஒரு காரணமாகலாம். ஒரே எழுத்தின் உறவால் மரமும் விளையாட்டும் வீரமும் வீடும் ஒரு சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. எழுத்தறியாதாரும் கேட்ட அளவில் நினைவிற்கொள்ள அது துணைபுரிகிறது.

ஐந்தாவது, உவமைப் பின்னணி. பிள்ளையின் வீரத்தை அவர் தளிராகக் காண்கிறார். அச்சமூட்டுவதை அத்தளிரைக் கிள்ளுவதாகக் காட்டுகிறார். அஞ்சி வீட்டுக்குள் கிடக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது ‘வெம்புதல்’ என்னும் வினையை ஆள்கிறார். காய் முற்றுமுன் வாடிப்போவதைக் குறிக்கும் சொல் அது. தொடக்கத்தில் வளர்ச்சியைப் பேசிய பாடல், முடிவில் வளர்ச்சி தடைபடுவதைச் செடியின் மொழியிலேயே பேசுகிறது. அச்சத்தால் வரும் இழப்பு ஓர் இரவுத் தூக்கம் மட்டுமன்று. வளர வேண்டிய ஒருவன் வளராமல் நின்றுவிடுவதே பேரிழப்பு என்பதை உழவர் குடியில் பிறந்தவர் அறிந்த சொற்களால் கூறுகிறார்.

அஞ்சத் தக்கதும் தகாததும்

அவ்வாறாயின் அச்சமே கூடாதா? வள்ளுவர் அவ்வாறு கூறவில்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமை அறியாமை என்றும், அதற்கு அஞ்சுவதே அறிந்தோர் செயல் என்றும் அறிவுடைமை அதிகாரத்தில் அவர் வரையறுக்கிறார். எவர் வாயிலிருந்து எச்செய்தி வந்தாலும் அதன் உண்மையைக் காண்பதே அறிவு என்னும் குறளும் அதே அதிகாரத்தில்தான் இடம்பெறுகிறது. அச்சத்தையும் கேட்ட செய்தியின் உண்மையையும் அறிவின் கீழ் வைத்து அவர் நோக்கினார் என்பது இதனால் புலப்படும். பட்டுக்கோட்டையாரின் பாடலும் அறிவு வளர்ச்சியில் தொடங்கி அஞ்சாமையில் முடிகிறது.

ஔவையாரின் ஆத்திசூடி அறத்தை விரும்பச் சொல்லித் தொடங்க, பாரதியாரின் புதிய ஆத்திசூடி அச்சத்தை விலக்கச் சொல்லித் தொடங்குகிறது. மரத்திலும் குளத்திலும் பேய் இருப்பதாக அஞ்சி நடுங்கும் மக்களின் நிலையைக் கண்டு பாரதியார் வேறொரு பாடலில் மனம் நொந்து பாடியுமிருக்கிறார். பாரதி, பாரதிதாசன், பட்டுக்கோட்டையார் என வரும் மரபில், வளர்ந்தோரைப் பற்றிய அவ்வருத்தம் ஒரு சிறுவனின் தோளைத் தொட்டுச் சொல்லும் அறிவுரையாகக் கனிந்திருக்கிறது. ‘அடா’ என்னும் உரிமை விளி அந்தத் தொடுகையைக் குரலிலேயே உணர்த்துகிறது.

ஓரிடத்தில் மட்டும் பாடலோடு நான் சற்று மாறுபடுகிறேன். பிள்ளைகளை அச்சுறுத்துவோர் அனைவரும் வீணர்கள் அல்லர். ‘உண்ணாவிட்டால் பூச்சாண்டி வருவான்’ என்று சொல்பவள், பகலெல்லாம் உழைத்துக் களைத்த தாயாகவும் இருக்கலாம். ‘அங்கே போகாதே’ என்று சொல்லும் பாட்டி, கிணற்றில் பிள்ளை விழுந்துவிடுமோ என்று அஞ்சியவளாகவும் இருக்கலாம். அன்பினாலும் அயர்வினாலும் சொல்லப்பட்ட சொல்லும் அதே விதையாகத்தான் விழுகிறது. ஆகவே இப்பாடல் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய அறிவுரை அன்று. பெரியோராகிய நாமும் கேட்க வேண்டியது.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இப்பாடலைக் கற்பிக்கும்போது சில பயிற்சிகளை மேற்கொள்ளலாம். சிறுவயதில் தாம் அஞ்சிய ஒன்றையும், அதை முதலில் யார், எந்தச் சொற்களில் கூறினார் என்பதையும் மாணவர் ஒரு பத்தியில் எழுதட்டும். பின்னர் ‘இருக்கிறதாம்’, ‘சொன்னார்கள்’ என்று முடியும் தொடர்களை எடுத்து, மறைந்துள்ள எழுவாயைத் தேடி எழுதட்டும். தோன்றா எழுவாயும் துணைவினையும் அங்கே தேர்வுக்குரிய இலக்கணக் குறிப்புகளாக மட்டும் நில்லாமல், செய்தியை ஆராயும் கருவிகளாக மாறும். கைப்பேசியில் நாள்தோறும் வந்து விழும் வதந்திகளுக்கும் இப்பயிற்சி பொருந்தும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. எழுதியதை வகுப்பின் முன் படிக்குமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. ஒருவரின் அச்சத்தைக் கண்டு பிறர் நகைக்க இடந்தரலாகாது. இருளுக்கு அஞ்சும் பிள்ளையிடம் ‘இதற்கெல்லாமா பயப்படுவது?’ என்று கேட்பது, அதன் அச்சத்தோடு வெட்கத்தையும் சேர்த்துவிடும். விளக்கை ஏற்றிக் கட்டிலின் கீழ் உடன் குனிந்து பார்ப்பதே தக்க விடை. அவ்வாறு உடனிருந்து காட்டும் ஒருவரின் குரலில்தான் பட்டுக்கோட்டையாரும் பாடுகிறார்.

இன்று மாலை விளையாடப் புறப்படும் பிள்ளையிடம் நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்போம். அந்தச் சொல் இரவில் அதனோடு தனியே இருக்கும்.