மாத்திரை உண்டு, காலைப்பொழுது இல்லை

வடசென்னையின் கல்மண்டபத்தில் குடியிருப்பவர்களுக்கு மனநல மருத்துவம் தொலைவில் இல்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனை இதே வட்டாரத்தில்தான். அங்கே மனநலப் பிரிவு உண்டு, மாத்திரைக்குக் காசு கிடையாது. 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இன்று அயனாவரம் மேடவாக்கம் குளச் சாலையில் இயங்குகிறது; பஸ் ஏறினால் போய்விடலாம். 'கீழ்ப்பாக்கம்' என்று நாம் வசவாகவே ஆக்கிவைத்திருக்கும் இடம் அதுதான். அந்த ஏச்சுக்கு அஞ்சியே வாசற்படி மிதிக்காதவர்கள் உண்டு. ஆனால், துணிந்து போனவர்களும் ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள்?

முதல் காரணம் நேரம். அரசு மருத்துவமனைகளில் ஓபி எனும் வெளிநோயாளர் பிரிவு பெரும்பாலும் காலையில். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் விடியுமுன்பே தொடங்கிவிடும். ஏலத்தில் எடுத்த மீனைத் தெருத்தெருவாக விற்கும் பெண்ணுக்குக் காலைப்பொழுதுதான் வருமானம். விசைப்படகில் போனவர் பல நாள் கழித்தே கரை திரும்புவார். எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் ஒப்பந்த வேலை பார்ப்பவருக்கு ஓபி சீட்டு வாங்கினால் அன்றைய கூலி போச்சு. காய்ச்சலென்றால் ஒரு நாள் போதும். மனச்சோர்வுக்கு மாதக்கணக்கில் வர வேண்டும்.

அடுத்தது மாத்திரை. மனச்சோர்வு மருந்து பலன் காட்டப் பெரும்பாலும் 2 முதல் 4 வாரம் ஆகும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் முதல் சில நாளிலேயே வந்துவிடும். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். இதையெல்லாம் உட்காரவைத்துச் சொல்ல மருத்துவருக்கு நேரம் வேண்டும். வரிசை நீண்டு நிற்கும்போது எங்கே முடிகிறது? அந்த இடைவெளியில் அக்கம்பக்கம் பேசும்: "எல்லாம் தூக்க மாத்திரை, பழகிப்போயிடும்." மனச்சோர்வுக்கான மருந்துகள் பெரும்பாலும் போதைபோல் பழகுபவை அல்ல. ஆனாலும் பலன் தெரியுமுன்பே நிறுத்திவிடுகிறார்கள். பேசித் தீர்க்கும் சிகிச்சைக்கோ ஒவ்வொருவருக்கும் அரைமணிக்கு மேல் வேண்டும். தனியாரிடம் போனால் கட்டணம் கட்டி மாளாது.

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு மனநலக் குறைபாடு இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையில் இல்லை.

சிகிச்சை எட்டாதபோது என்ன நடக்கும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மடிந்தார்கள். இன்றைய மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) சங்கிலி போடுவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. அதன் 18-ஆவது பிரிவு, கட்டுப்படியாகும் செலவில், தரமான, எட்டும் தொலைவிலான சிகிச்சையை உரிமையாக்குகிறது. அது நோயாளியும் குடும்பத்தாரும் ஏற்கத்தக்க முறையில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மீன் விற்று முடிப்பதற்குள் மூடிவிடும் ஓபியைக் காசிமேட்டுக் குடும்பம் எப்படி ஏற்கும்? மாநகராட்சியின் நகர்ப்புறச் சுகாதார மையங்களில் வாரம் ஒரு மாலையாவது மனநல மருத்துவர் உட்கார வேண்டும். இதைச் சலுகையாக அல்ல, சட்டப்படி கேட்கலாம்.

அதுவரை ஒரு வழி உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மனாஸ் 24 மணி நேரமும் இயங்குகிறது. எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீங்களாக நிறுத்திவிடாமல், முதலில் அங்கே கேளுங்கள்.