பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் ஏடு

ஆழ்வார்பேட்டையிலுள்ள உறவினருக்குக் கடிதம் எழுதும்போது பெயர், வீட்டு எண், தெரு, கடைசியில் சென்னை - 600018 என்று எழுதுகிறோம். ஆனால் கடிதங்களைப் பிரிப்பவர் கடைசி வரியைத்தான் முதலில் பார்க்கிறார். 600 என்றால் சென்னை. 018 என்பது பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். தெருவும் வீடும் அதற்குப் பிறகுதான்.

இணையத்திலும் இதே முறைதான். அங்கே கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களால் அடையாளம் காண்கின்றன. மனிதருக்கோ பெயர்தான் நினைவில் நிற்கும். பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடே டிஎன்எஸ். தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் ஒரே பட்டியலில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தன. கணிப்பொறிகள் பெருகவே ஒரு பட்டியல் போதவில்லை. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர் ஏட்டைப் பலரிடம் பிரித்துக் கொடுக்கும் இம்முறையை வகுத்தார்.

சென்னை ஐ.ஐ.டி.யின் இணையப் பெயர் 'ஐஐடிஎம்.ஏசி.ஐஎன்'. இதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். 'ஐஎன்' இந்தியா, 'ஏசி' கல்வி நிறுவனங்கள், 'ஐஐடிஎம்' அந்த நிறுவனம். ஒவ்வொரு படியிலும் உள்ள ஏடு, அடுத்த ஏடு எங்கே இருக்கிறது என்று வழிகாட்டும்.

இதை நீங்களே சோதிக்கலாம். விண்டோஸ் கணிப்பொறியில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, 'என்எஸ்லுக்கப்' (என், எஸ், எல், ஓ, ஓ, கே, யூ, பி) என ஆங்கில எழுத்துகளில் தட்டி, இடம் விட்டு, மேற்சொன்ன பெயரையும் தட்டுங்கள். முதலில் வருவது பதில் சொல்லும் கணிப்பொறியின் விவரம். அதன் கீழே வருவதே நீங்கள் கேட்ட எண். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது!

ஏட்டில் பலவகைப் பதிவுகள் உண்டு. 'ஏ' என்பது எண் முகவரி. 'எம்எக்ஸ்' என்பது மின்னஞ்சலைப் பெறும் கணிப்பொறி. 'சிநேம்' என்பது மாற்றுப் பெயர். டி.டி.கே. சாலைக்கு முன்பு மௌபரீஸ் சாலை என்று பெயர். எந்தப் பெயரைச் சொன்னாலும் சேருமிடம் ஒன்றுதானே? கட்டளையின் நடுவில் '-டைப்=எம்எக்ஸ்' என்று சேர்த்தால் அந்த வகைப் பதிவு மட்டும் கிடைக்கும்.

சரி, ஒவ்வொன்றாகக் கேட்காமல் ஏடு முழுவதையும் கேட்டால் என்ன? இதற்கு என்எஸ்லுக்கப்பில் 'எல்எஸ்' என்ற கட்டளை உண்டு. ஓர் ஏடு பழுதானால் இன்னொன்று பதில் சொல்ல வேண்டுமல்லவா? அதற்காக ஏட்டைப் படியெடுக்கும் வசதியையே இக்கட்டளை பயன்படுத்துகிறது. ஆனால் இன்று நன்கு பராமரிக்கப்படும் ஏடுகள் அயலாருக்கு முழுப் பட்டியலைத் தர மறுத்துவிடும். ஏன்? ஒரு வீட்டு எண்ணைச் சொல்வது உதவி. தெருவிலுள்ள எல்லா வீடுகளின் எல்லாக் கதவுகளையும் வரைந்து கொடுத்தால் அது திருடனுக்கும் பயன்படும். ஆகவே பிறருடைய ஏட்டில் இக்கட்டளையை முயல வேண்டாம். அதே சமயம், பட்டியலை மறைப்பது மட்டும் பூட்டாகிவிடாது என்பதையும் மறவாதீர்கள்.

இந்த ஏட்டில் தமிழுக்கும் இடமுண்டு. 2010-இல் '.இலங்கை', 2011-இல் '.சிங்கப்பூர்', '.இந்தியா' ஆகிய பெயர்கள் சேர்ந்தன. உங்கள் பள்ளிக்கு இணையப் பெயர் இருந்தால், அதை வலமிருந்து படித்து, ஒவ்வொரு படியும் எதைக் குறிக்கிறது என்று எழுதிப் பாருங்கள்.