இலை போட்டாச்சு, சாதம் எங்கே?

துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுறவங்க, "போர் அடிக்குதுடா" என்று சலித்துக்கொள்வது ஏன் தெரியுமா?

முன்பெல்லாம் கேம் முழுசாக முடிந்துதான் விற்பனைக்கு வரும். 'லைவ் சர்வீஸ்' கேமில் முதலில் கொஞ்சம் தருவார்கள். மீதி, சீசன் சீசனாக வரும்.

உதாரணம், அமெரிக்காவின் 'ஹேலோ இன்ஃபினிட்'. பலர் சேர்ந்து ஆடும் பகுதி 2021 நவம்பர் 15-ல் இலவசமாக வந்தது. சண்டை போடும் இடங்கள், அதாவது மேப்புகள், 10 தான். 3 மாசம் என்று திட்டமிட்ட முதல் சீசன் கிட்டத்தட்ட 6 மாசம் இழுத்தது. 2022 மே 3-ல் இரண்டாவது சீசன் வந்தபோதும் புது மேப் இரண்டே இரண்டு! கேமுக்குள் இருந்த கடையில் மட்டும் வாராவாரம் புதுப்புது கவசங்கள்.

காரணம் என்ன? பலர் ஆடும் பகுதி இலவசம், அதில் கவசம் மாதிரி பொருள்கள் விற்றால்தான் காசு. மேப் செய்து, சோதித்து முடிக்க மாசக்கணக்கில் ஆகும்.

கேம் பிடித்ததால்தான் ரசிகர்களுக்கு அவ்வளவு கோபம். பசியோட உட்கார்ந்தவன் முன்னால இலையை மட்டும் போட்டா சும்மா இருப்பானா?