ஆட்டத்தை முடித்து வைப்பவர்

கிரிக்கெட்டிற் பழகிய நமக்கு, அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் முதலில் வியப்பளிப்பது பந்தெறிவோரின் நிலையேயாகும். நம் பந்து வீச்சாளர் ஆறு பந்து வீசி ஓய்ந்து, வேண்டும்போது மீண்டும் வருவார். அங்கோ களத்தினின்று ஒருமுறை நீங்கியவர் அன்றைய ஆட்டத்திற்குத் திரும்புதல் கூடாது. ஆகவே ஒன்பது சுற்றுக்கள் கொண்ட ஆட்டத்தில், முதலில் எறிபவரின் கை ஓய்ந்தபின் அவர்க்குப் பதிலாக எறிவோர் வேண்டப்படுகின்றனர். அவருள்ளும், தம் கட்சி சிறிதே முந்தி நிற்கையில் இறுதிச் சுற்றில் வந்து, எதிரிகள் மூவரை வீழ்த்தி வெற்றியைக் காப்பவர்க்குத் தனி மதிப்புண்டு. இவ்வாறு காக்கப்பட்ட ஆட்டங்களை 'சேவ்' என்னும் பெயரால் 1969 முதல் முறைப்படி கணக்கெழுதி வருகின்றனர். கால் மணி நேர வேலைதான். ஆயினும் எட்டுச் சுற்றுப் பாடுபட்ட தோழர் அனைவரின் உழைப்பும் அவர் கையில் இருக்கின்றது.

இத்தொழிலில் தலைசிறந்தவர் மரியானோ ரிவேரா. 1969-ல் பனாமா நாட்டிற் பிறந்து, புவேர்ட்டோ கைமிட்டோ என்னும் மீனவர் ஊரில் வளர்ந்தவர். தந்தையார் மீன்பிடி படகின் தலைவர். மகனும் அப்படகில் உழைத்தார். இளமையில் பால் விற்கும் அட்டைப்பெட்டியே அவர்க்குக் கையுறை. 1990-ல் நியூயார்க் யாங்கீஸ் கட்சியார் அவரைச் சேர்த்துக்கொண்டனர். 1995-ல் முதற் பந்தெறிவோராக இறங்கி, அதில் அவ்வளவாகச் சோபிக்கவில்லை. 1997-ல் இறுதிச் சுற்று அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவ்வாண்டில் தோழரொருவருடன் பழகுகையில், அவர் நேரே எறிந்த பந்து தானாகவே விலகலாயிற்று. அதனைத் திருத்த முயன்றும் இயலவில்லை. அக்குற்றமே பின்னர் அவர்க்குப் படைக்கலமாயிற்று! 'கட்டர்' எனப்படும் அப்பந்து வேகமாய் வந்து, மட்டையருகே சில அங்குலம் விலகும். இடக்கையாட்டக்காரரின் பிடியருகே பட்டு மட்டை முறிந்து போதல் வழக்கமான காட்சி.

அவரும் தோற்றதுண்டு. 2001 நவம்பர் 4-ந் தேதி, உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தில், யாங்கீஸ் 2-க்கு 1 என முந்தி நிற்க, ஒன்பதாஞ் சுற்றில் ரிவேரா தாமே ஒரு பந்தைத் தவறாக எறிந்தார். அரிசோனா கட்சி 3-க்கு 2 என வென்றது. வென்றிருந்தால் நியூயார்க்கில் ஊர்வலம் நடந்திருக்கும். அதன்பொருட்டுத் தங்கி, நவம்பர் 12-ல் டொமினிகன் குடியரசுக்குச் செல்லும் விமானத்தில் ஏறவிருந்தார் என்ரிக்கே வில்சன் என்னும் தோழர். தோல்வியால் முன்னரே ஊர் சென்றுவிட்டார். அவ்விமானம் விழுந்து, அதிலிருந்த 260 பேரும் மாண்டனர். தோற்றதே நன்றென்றும், தோழர் உயிருடனிருக்கிறாரென்றும் பொருள்படப் பின்னர் ரிவேரா கூறினார். தோல்விக்கு இத்தகைய கணக்கும் உண்டு போலும்.

2012-ல் பயிற்சியின்போது முழங்கால் நரம்பு அறுந்தது. வயது 42. பலரும் முடிந்ததென்றெண்ண, மறு ஆண்டு திரும்பி வந்து 44 ஆட்டங்களைக் காத்தார். மொத்தம் 652, வேறெவரும் அத்தொகையை எட்டவில்லை. ஐந்து முறை உலகத் தொடர் வென்ற கட்சியில் இருந்தார். 2019-ல் புகழ் மண்டபத்திற்கு அவரைத் தேர்ந்தபோது, வாக்களித்த 425 பேரும் அவர் பெயரையே குறித்தனர். அதற்குமுன் ஒருவர்க்கும் அவ்வாறு நேர்ந்ததில்லை.

2013 செப்டம்பர் 26-ந் தேதி தம் கட்சியின் களத்தில் அவர் கடைசியாக எறிந்தார். அன்று யாங்கீஸ் பின்தங்கியிருந்தமையால் காப்பதற்கு ஒன்றுமில்லை. ஒன்பதாஞ் சுற்றில் இருவர் வீழ்ந்தபின், அவரை அழைத்துச் செல்லத் தலைமைப் பயிற்சியாளர்க்குப் பதிலாகப் பழந்தோழர் ஜீட்டரும் பெட்டிட்டும் நடந்து வந்தனர். பெட்டிட்டின் தோளிற் சாய்ந்து ரிவேரா அழுதார். இன்னும் ஒருவர் வீழ்த்தப்படவேண்டியிருந்தது. அதனை வேறொருவர் எறிந்து முடித்தார்.