வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள்!

என் மாமியாருக்கு வயசு, 68. குடலிறக்க ஆபரேஷனுக்காக, போன ஆடி மாசம் அவரை மதுரைக்கு அழைத்துப் போயிருந்தோம். 'முன்னாடி ஆபரேஷன் ஏதும் ஆகியிருக்கா... எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?' என்று கேட்டார் டாக்டர்.

'பித்தப்பையில கல்லு எடுத்தாங்க. அப்போ ஒரு ஊசி போட்டதும், உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு முட்டிடுச்சு...' என்றார் அத்தை. எந்த ஊசி என்று எங்களுக்கும் தெரியவில்லை. 'அது தெரியாம நான் ஆபரேஷன் செய்ய மாட்டேன். பழைய ரெக்கார்டை வாங்கிட்டு வாங்க...' என்று அனுப்பி விட்டார்.

டிஸ்சார்ஜ் சம்மரி என்னாச்சு என்கிறீர்களா? பொங்கலுக்கு வெள்ளையடித்த போது, பழைய பேப்பரோடு அதையும் எடைக்குப் போட்ட புண்ணியவதி நான் தான்!

முதல் ஆபரேஷன் நடந்தது, எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில். என் கணவர் போய்க் கேட்டதற்கு, 'கோர்ட்டு கேட்டாத் தான் குடுப்போம் சார்...' என்று சொல்லி விட்டனர். மறுநாள் நான் போனேன். 'பழைய ஃபைலெல்லாம் குடோன்ல கிடக்கு, யாரு தேடுறது?' என்றனர். கெஞ்சியும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன், நடக்கவில்லை. வீட்டில் அத்தையோ, வலியோடு படுத்துக் கொண்டு, 'எனக்காக அலையாத தாயி...' என்கிறார்.

எதிர் வீட்டு அக்கா, அரசு மருத்துவமனையில் ரெக்கார்டு கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். விஷயத்தைக் கேட்டதும், 'ஏம்மா, வாயால கேட்டா, வாயால தான் பதில் வரும். எழுதிக் குடு...' என்றார். அவர் சொல்லித் தான் தெரிந்தது... இந்திய மருத்துவக் கவுன்சில், 2002ல் போட்ட விதிப்படி, உள்நோயாளியாக இருந்தவரோ, அவர் அனுமதி கொடுத்த ஆளோ கேட்டால், 72 மணி நேரத்திற்குள் ரெக்கார்டுகளைக் கொடுக்க வேண்டுமாம். கவுன்சில் போய், 2020ல் தேசிய மருத்துவ ஆணையம் வந்த பிறகும், அந்த விதி தான் நடப்பில் இருக்கிறது.

ஆனால், சிகிச்சை ஆரம்பித்த நாளிலிருந்து மூன்று வருஷம் வரை பாதுகாத்தால் போதும் என்பதும் அதே விதி தான். அத்தைக்கு ஆபரேஷன் ஆகி, இரண்டு வருஷமும் எட்டு மாசமும் ஆகியிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கி விட்டது.

அன்றைக்கே வெள்ளைத்தாளில் எழுதினேன். அத்தையின் பெயர், வயசு, சேர்ந்த தேதி, வீட்டுக்கு வந்த தேதி, பழைய பில்லில் இருந்த ஐ.பி., நம்பர் எல்லாம் போட்டு, 'கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ்கள் எழுதிய மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி இவற்றின் ஜெராக்ஸ் வேண்டும். செலவை நாங்களே தருகிறோம்...' என்று எழுதி, அத்தையிடம் கையெழுத்து வாங்கினேன். 'என் மருமகளிடம் கொடுக்கவும்' என்று, தனியாக ஒரு கடிதம். எல்லாம் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் சீல், தேதி, நேரம் போட்டு வாங்கினேன். அதற்குத் தான் ரொம்ப யோசித்தனர், விடவில்லையே நான்!

மூன்றாம் நாள் காலையில், போன் வந்து விட்டது. மொத்தம், 38 பக்கம். அதில், ஒரு பக்கத்தின் ஓரத்தில், சிவப்பு மையில், 'செஃப்ட்ரியாக்சோன்' ஒத்துக் கொள்ளவில்லை என்று எழுதியிருந்தது. மதுரை டாக்டர் அதைப் பார்த்து, 'நான் போடுறதா இருந்ததும் இதே ஊசி தான்மா...' என்றார். எனக்குக் கை, காலெல்லாம் சில்லிட்டு விட்டது. வேறு மருந்து கொடுத்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

எழுதிக் கொடுத்தும் தராவிட்டால், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். அரசு மருத்துவமனை என்றால், 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம் என்றார், எதிர் வீட்டு அக்கா.

இப்போது எல்லாத் தாள்களும், ஒரு மஞ்சள் பையில், அத்தையின் தலைமாட்டில் இருக்கின்றன. பொங்கல் வந்தால் கூட, அதை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு, முக்கியமாக, நான்!

— ஒரு வாசகி, விருதுநகர்.