இயங்குதள நிறுவல் படிமங்களைப் பதிவிறக்கும் குறுநிரலும் அதன் பராமரிப்பும்

முன்னுரை

ஓர் இயங்குதளத்தைக் கணினியில் நிறுவுவதற்குரிய கோப்புகள் அனைத்தையும் தன்னுள் அடக்கிய ஒற்றைக் கோப்பு நிறுவல் படிமம் எனப்படும். ஐஎஸ்ஓ கோப்பு என வழக்கில் குறிக்கப்படுவதும் இதுவே. இப்படிமத்தை உரிய தளத்திலிருந்து தானாகப் பெற்றுச் சேமிக்கும் கட்டளைத் தொகுப்பே ஸ்கிரிப்ட் எனப்படும் குறுநிரல். சில வரிகளில் முடிந்துவிடும் இந்நிரலுக்குத் தொடர் பராமரிப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதை டெபியன் இயங்குதளத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழகச் சூழல்

சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி இது மாணவர்களைச் சென்றடைந்தது. 2014 ஏப்ரல் 8ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவுற்ற காலத்தில், அரசுத் துறைகளுக்கும் பாஸ் பரிந்துரைக்கப்பட்டது. இதனால், நிறுவல் படிமத்தைக் கையாளும் பணி பெருநகர் நிறுவனங்களைக் கடந்து சிற்றூர்க் கல்விக்கூடங்களுக்கும் உரியதாயிற்று.

திண்டுக்கல்–கரூர் இருப்புப்பாதையில் அமைந்த எரியோடு போன்றதொரு பேரூரின் கணினிக் கூடத்தை எண்ணிப் பார்க்கலாம். அங்கு ஒருமுறை பதிவிறக்கிய படிமமே பென்டிரைவ் மூலம் எல்லாக் கணினிகளிலும் நிறுவப்படும். படிமத்தில் பிழை இருப்பின் அது கூடம் முழுமைக்கும் பரவும். ஆகவே, பதிவிறக்கும் நிரலின் நம்பகத்தன்மை அக்கூடத்தின் நம்பகத்தன்மையாகவே அமைகிறது.

பெயரும் முகவரியும் மாறுதல்

டெபியன் படிமத்தின் கோப்புப் பெயரில் பதிப்பெண் இடம்பெறும். திருத்த வெளியீடு வரும்தோறும் இப்பெயர் மாறும். பழைய படிமம் நடப்பு அடைவிலிருந்து நீங்கிக் காப்பகத்திற்குச் செல்லும். முழு முகவரியையும் நிரலில் எழுதிவைத்தால் அது சில மாதங்களில் பயனற்றுப்போகும். அதனினும் தீங்கானது, 'பக்கம் கிடைக்கவில்லை' என்னும் அறிவிப்பையே படிமத்தின் பெயரில் சேமித்துவிட்டு, பணி முடிந்ததாக நிரல் தெரிவிப்பதாகும்.

அடுத்த எண்ணை ஊகித்துப் பெறுவதும் தீர்வாகாது. 2023 டிசம்பரில் வரவேண்டிய 12.3 பதிப்பின் கருவகத்தில் தரவைச் சிதைக்கும் பிழை கண்டறியப்பட்டதால், அதன் படிமங்கள் நிறுத்திவைக்கப்பட்டு 12.4 வெளியிடப்பட்டது. 12.2க்குப் பின் 12.3 என எண்ணிய நிரல் இல்லாத கோப்பையே தேடியிருக்கும். 'நடப்பு' என்னும் அடைவை மட்டும் நம்புவதிலும் இடர் உண்டு. 2025 ஆகஸ்ட் 9இல் டெபியன் 13 வெளியானபின், அவ்வடைவு முதன்மைப் பதிப்பையே மாற்றித் தந்தது. எனவே, முதன்மைப் பதிப்பை மனிதர் முடிவுசெய்து நிரலில் குறித்தலும், கோப்பின் பெயரை அடைவிலுள்ள சரிபார்ப்புத்தொகைக் கோப்பிலிருந்து நிரல் அறிதலும் ஏற்புடையன.

சரிபார்ப்பின் இரு நிலைகள்

சரிபார்ப்புத்தொகை என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் எண்ணுரு. எஸ்எச்ஏ-512 முறையில் இது 128 பதினறும எண்குறிகளைக் கொண்டது. பதிவிறக்கத்தில் ஒரு பிட் மாறினும் இத்தொகை வேறுபட்டுவிடும். ஆயினும், பெற்ற படி தளத்திலுள்ள படியோடு ஒத்துள்ளதா என்பதற்கு மட்டுமே இது விடை தரும். தளத்திலுள்ள படியே உரியவரால் வெளியிடப்பட்டதா என்பதற்கு இலக்கமுறைக் கையொப்பம் தேவை.

சுவடிப் பதிப்பில் இவ்வேறுபாடு நன்கு அறியப்பட்டதாகும். பெயர்த்தெழுதிய படி தன் மூலச்சுவடியோடு பொருந்துவது ஒன்று. அம்மூலச்சுவடி நம்பத்தக்கதா என்பது மற்றொன்று. 2016 பிப்ரவரி 20இல் லினக்ஸ் மின்ட் தளத்தில் ஊடுருவியோர், பதிவிறக்க இணைப்பைத் தீங்குநிரல் கலந்த படிமத்திற்குத் திருப்பினர். தளத்தில் நுழைய முடிந்தவர் அங்குள்ள சரிபார்ப்புத்தொகையையும் மாற்ற இயலும். ஆகவே, சரிபார்ப்புத்தொகைக் கோப்பின் கையொப்பத்தை, முன்னரே வேறுவழியில் பெற்று உறுதிசெய்த பொதுத்திறவியால் சோதித்தல் இன்றியமையாதது.

பராமரிப்பு நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு நெறிகளை வகுக்கலாம். முதலாவது, படிமத்தைத் தற்காலிகப் பெயரில் இறக்கி, இரு சோதனைகளிலும் தேறிய பின்னரே உரிய பெயர் இடுதல். மின்தடையால் இடையில் நின்ற பதிவிறக்கம் முழுமையானதாகத் தோன்றுவதை இது தடுக்கும். இரண்டாவது, சோதனை தவறின் பூச்சியமல்லாத வெளியேற்றக் குறியீட்டுடன் நின்று, காரணத்தைத் தெளிவாகத் தெரிவித்தல். மூன்றாவது, படிமத்தின் பெயர், பதிப்பு, நாள், சரிபார்ப்புத்தொகை ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்தல். நான்காவது, தேவை எழும்வரை காத்திராமல் குறித்த கால இடைவெளியில் நிரலை இயக்கிப் பார்த்தல்.

முடிவுரை

பதிவிறக்கும் நிரலின் பயன், கோப்பைப் பெறுவதோடு நிறைவடைவதில்லை. ஐயத்திற்குரிய கோப்பை மறுப்பதிலும் அடங்கியுள்ளது. முகவரி மாற்றத்தால் நிரல் நிற்கும்போது சரிபார்ப்பை நீக்கி அதனை ஓடச்செய்வது எளிது; ஆனால், அது பராமரிப்பு ஆகாது. மறுக்கும் ஆற்றலை இழக்காமல் நிரலைக் காலத்திற்கேற்பத் திருத்துவதே பராமரிப்பு என்பது இக்கட்டுரையின்வழிப் பெறப்படுகிறது.