பூட்டிய வீட்டுக்கும் பாதுகாப்பு உண்டா?

மகளின் பேறுகாலத்துக்காக ஆறு மாதம் அமெரிக்கா செல்லும் பெற்றோர், இரண்டாண்டுப் பணிக்காக வளைகுடா நாட்டுக்குப் புறப்படும் பொறியாளர், வேறு மாநிலத்துக்கு மாற்றலாகும் அரசு ஊழியர் என நீண்ட நாள் வீட்டைப் பூட்டிச் செல்வோர் இன்று பலர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவான சுமார் 33 கோடி வீடுகள், கட்டடங்களில் ஏறக்குறைய 2.5 கோடி ஆளில்லாமல் இருந்தன.

ஊருக்குப் புறப்படுமுன் எரிவாயு உருளையை மூடுகிறோம். பால்காரரிடமும் செய்தித்தாள் போடுபவரிடமும் சொல்கிறோம். சாவியை நம்பிக்கையானவரிடம் ஒப்படைக்கிறோம். வீட்டுக்குக் காப்பீடு அளித்த நிறுவனத்துக்குச் சொல்வது மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகிறது. அந்த ஒரு விடுபடலால், முறையாகப் பிரீமியம் செலுத்தியவருக்கும் இழப்பீடு கிடைக்காமல் போகக்கூடும்.

ஆளில்லாத வீடு: நிபந்தனை என்ன?

ஆள் வசிக்கும் வீட்டில் குழாய் உடைந்தாலோ, மின்கசிவு ஏற்பட்டாலோ உடனே தெரிந்துவிடும். பூட்டிய வீட்டில் சிறு சேதமும் கவனிப்பாரின்றிப் பெரிதாகிவிடும். எனவே காப்பீட்டு நிறுவனங்கள் ஆளில்லாத வீட்டைக் கூடுதல் இடர் உள்ளதாகக் கருதுகின்றன. இந்தியாவில் நெடுங்காலம் வழக்கிலிருந்த தீ மற்றும் சிறப்பு இடர் பாலிசியின் பொது நிபந்தனைகளில், கட்டடம் தொடர்ந்து 30 நாள்களுக்கு மேல் ஆளின்றி இருந்தால், நிறுவனத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெறாத நிலையில் பாதுகாப்பு நின்றுவிடும் என்ற விதி இடம்பெற்றிருந்தது.

இன்று விற்பனையாகும் பாலிசிகளில், குறிப்பாகக் களவுக் காப்பீட்டுப் பிரிவில், இத்தகைய கால வரம்பு உள்ளதா என்று பாருங்கள். நாள்களின் எண்ணிக்கையும் நிபந்தனையின் சொற்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்கள் இருப்பதாலேயே அது ஆள் வசிக்கும் வீடாகிவிடாது. இரவுக் காவலர் வந்து செல்வது போதுமா, உள்ளே ஒருவர் தங்க வேண்டுமா என்பதையும் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: பாலிசியில் 30 நாள் வரம்பு இருக்கிறது, ஜூன் 1 அன்று வீட்டைப் பூட்டிவிட்டு ஒருவர் ஆறு மாதப் பயணம் செல்கிறார், ஆகஸ்டில் மின்கசிவால் தீப்பிடிக்கிறது. அவர் தகவல் தெரிவித்து ஒப்புதல் பெற்றிருந்தால் இழப்பீடு கோர இந்த நிபந்தனை தடையாக இராது. பெறாதிருந்தால் கோரிக்கை மறுக்கப்பட இடமுண்டு. சேதம் நிகழ்ந்த பின் எழுதும் கடிதம் இந்தக் குறையை ஈடுசெய்யாது.

பாரத் கிரஹ ரக்ஷா: எதற்கு உண்டு, எதற்கு இல்லை?

காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் உத்தரவுப்படி, 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசி நடைமுறையில் உள்ளது. தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி அல்லது குழாய் வெடித்தல் போன்றவற்றால் நேரும் சேதங்கள் இதில் அடங்கும். நிலத்தின் விலையை விட்டு, வீட்டைத் திரும்பக் கட்டும் செலவே காப்பீட்டுத் தொகைக்கு அடிப்படை. வீட்டுப் பொருள்களுக்கு, கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, தனிப் பட்டியல் இன்றியே பாதுகாப்பு கிடைக்கும். 1,000 சதுர அடி வீட்டைச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் செலவில் கட்ட முடியுமென்றால், கட்டடத்துக்கு 25 லட்சமும் பொருள்களுக்கு 5 லட்சமும் கணக்காகும். வீட்டுக் கடனுடன் எடுத்த பாலிசி கட்டடத்துக்கு மட்டுமா, பொருள்களுக்கும் சேர்த்தா என்பதையும் சரிபாருங்கள்.

பூட்டிய வீட்டின் உரிமையாளர் பெரிதும் அஞ்சுவது திருட்டுக்கே. ஆனால் இந்தப் பாலிசியின் அடிப்படைப் பாதுகாப்பில், வெள்ளம், தீ போன்ற காப்பீடு செய்த இடர் நிகழ்ந்து, அதனால் 7 நாள்களுக்குள் நேரும் திருட்டு மட்டுமே அடங்கும். வழக்கமான திருட்டுக்குக் களவுக் காப்பீட்டைத் தனியே எடுக்க வேண்டும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் சூழ்ந்தபோது, உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருந்த பூட்டிய வீடுகளும் நீரில் மூழ்கின. அத்தகைய நேரத்தில் உங்கள் சார்பில் உடனே சென்று பார்க்க ஒருவர் உள்ளூரில் இருப்பது அவசியம்.

களவுக் காப்பீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. பூட்டை உடைத்தல் போன்ற வன்முறை நுழைவு நிகழ்ந்திருக்க வேண்டும் என்று பாலிசி கூறினால், அத்தகைய நுழைவின்றி நடந்த திருட்டுக்கு இழப்பீடு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே, சாவி வைத்திருப்பவரால் நேரும் இழப்பு பாலிசியில் அடங்காமல் போகலாம். சாவியை எத்தனை பேரிடம் கொடுக்கிறீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நகைகளும் ஆவணங்களும்

நகை, கலைப்பொருள் போன்ற மதிப்புமிக்கவை வீட்டுப் பொருள்களுக்கான பொதுப் பாதுகாப்பில் சேரா. அவற்றுக்குத் தனித் தேர்வுப் பாதுகாப்பு உண்டு. நீண்ட பயணத்தின்போது அவற்றை வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைப்பது நல்லது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால், வங்கியின் பொறுப்பு பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரையே. இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, பொறுப்பில்லை. பெட்டகத்தில் உள்ள பொருள்களை வங்கி காப்பீடு செய்வதும் இல்லை. மதிப்பு மிகுந்த நகைகளுக்குத் தனிக் காப்பீடு குறித்து விசாரியுங்கள்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

1. போகும் தேதி, திரும்பும் தேதி, வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். எண்டார்ஸ்மென்ட் எனப்படும் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கேட்டுப் பெறுங்கள். கூடுதல் பிரீமியமோ காவல் ஏற்பாடோ நிபந்தனையானால் அதையும் எழுத்தில் பெறுங்கள். திரும்பும் தேதி தள்ளிப்போனால் மீண்டும் தெரிவியுங்கள்.

2. வீட்டை வாடகைக்கு விட்டாலும், உறவினரைத் தங்கவைத்தாலும் அதையும் தெரிவியுங்கள்.

3. நீங்கள் இல்லாத காலத்தில் பாலிசி முடிவடைகிறதா என்று பார்த்து, முன்கூட்டியே புதுப்பியுங்கள்.

4. அறைகளையும் பொருள்களையும் தேதியுடன் படமெடுத்து, வாங்கிய ரசீதுகளின் நகலுடன் மின்னஞ்சலில் சேமித்து வையுங்கள்.

5. தண்ணீர் முதன்மை வால்வை மூடி, தேவையற்ற மின்னிணைப்பைத் துண்டித்து, காவல் நிலையத்துக்கும் தகவல் தாருங்கள்.

சேதம் நேர்ந்துவிட்டால்

செய்தி கிடைத்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். திருட்டானால் காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை தேவை. மதிப்பீட்டாளர் பார்வையிடும் வரை சேதமான பொருள்களை அப்புறப்படுத்தாதீர்கள். தவிர்க்க முடியாத காரணத்தால் தகவல் தாமதமானால், அந்தத் தாமதத்தை மட்டுமே காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்கலாகாது என்று ஆணையம் 2011-இல் அறிவுறுத்தியுள்ளது. எனினும், தாமதத்துக்கான சான்றுகளை வைத்திருங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரை அணுகுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

பயணச்சீட்டை உறுதிசெய்யும் அன்றே வீட்டுப் பாலிசியையும் எடுத்து, ஆளில்லாத வீடு குறித்த நிபந்தனையைப் படித்துவிடுங்கள். புரியாத சொல் இருந்தால், பாலிசியை அளித்த கிளையிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ கேளுங்கள். அவர்கள் தரும் விளக்கத்தை எழுத்தில் பெற்றுக்கொண்டு புறப்படுங்கள்.